ரவுட்டரிலேயே ஃபயர்வால் இருக்கும்போது லேப்டாப்பில் தனியாக ஒன்று வேண்டுமா?

புதுக்கம்பி (கேள்வி):
வைஃபை ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் "எஸ்பிஐ ஃபயர்வால் – ஆன்" என்று காட்டுகிறது. அதில் 2 விண்டோஸ் லேப்டாப், ஒரு பிரிண்டர், ஒரு கேமரா, டிவி, போன்கள் இருக்கின்றன. லேப்டாப் ஒன்றில் ஷேர் செய்த பிரிண்டர் இன்னொன்றுக்குத் தெரியவில்லை. விண்டோஸ் ஃபயர்வாலை அணைத்ததும் தெரிகிறது. ரவுட்டர்தான் காவல் காக்கிறதே, இதை அணைத்தே வைக்கலாமா?

வாசற்கதவு:
வேண்டாம், முதலில் அதை ஆன் செய்யுங்கள். காரணம் இதுதான்.

எஸ்பிஐ என்பது போய்வரும் இணைப்புகளைக் குறித்துவைத்துச் சரிபார்க்கும் முறை. 192.168.1.5 என்ற லேப்டாப் வெளியே ஒரு தளத்தின் 443 போர்ட்டுக்கு (போர்ட் என்பது எண் போட்ட வாசல், 443 என்க்ரிப்ட் ஆன வலைத்தளங்களுக்கானது) போகிறது என்றால், ரவுட்டர் தன் அட்டவணையில் ஒரு வரி எழுதிக்கொள்கிறது: இந்த முகவரி, இந்த போர்ட், இந்தத் தளம். திரும்பி வரும் பாக்கெட் (தரவுத் துண்டு) அந்த வரியோடு பொருந்தினால் உள்ளே விடும், பொருந்தாவிட்டால் கீழே போட்டுவிடும். வெளியிலிருந்து யாரோ 445 (ஃபைல் ஷேரிங்), 3389 (ரிமோட் டெஸ்க்டாப்) என்று தட்டிப் பார்ப்பதெல்லாம் இங்கேயே நின்றுவிடும். அந்த மட்டில் நல்ல காவல்தான், குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் வெளியே போவதை அது கேள்வியே கேட்காது. மெயிலில் வந்த இணைப்பைத் திறந்து மால்வேர் உள்ளே வந்துவிட்டால், அது 443 வழியாகத் தன் ஆட்களோடு பேசும். அதற்கும் ரவுட்டரே ஒரு வரி எழுதி வழிவிடும். என்க்ரிப்ட் ஆன போக்குவரத்து என்பதால் உள்ளே என்ன இருக்கிறது என்றும் தெரியாது.

இன்னொன்று, ஒரே வைஃபையில் இருக்கும் இரண்டு கருவிகள் பேசிக்கொள்ளும் பாக்கெட் பொதுவாக அந்த ஃபயர்வால் பக்கமே போகாது. 2017 மே மாதம் வானாக்ரை (ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்ட மால்வேர்) பரவியது விண்டோஸ் ஃபைல் ஷேரிங்கின் 445 போர்ட் வழியாக. அதற்கான பேட்ச் (ஓட்டையை அடைக்கும் அப்டேட்) மார்ச்சிலேயே வந்துவிட்டது. போடாத கணினிகள் மாட்டின. அந்த மாதிரி ஒன்று பிடித்த லேப்டாப் உங்கள் வைஃபைக்குள் வந்தால், இன்னொன்றைக் காக்க அதன் சொந்த ஃபயர்வாலும் பேட்ச்சும்தான் உண்டு.

பிரிண்டருக்கு: இரண்டு லேப்டாப்பிலும் நெட்வொர்க் ப்ரொஃபைலை "பப்ளிக்"கிலிருந்து "பிரைவேட்"டுக்கு மாற்றுங்கள். பிறகு ஃபயர்வால் பக்கத்தில் "அலோ அன் ஆப்" (எந்தச் செயலிகளை அனுமதிப்பது என்ற) பட்டியலில் "ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங்" எதிரே பிரைவேட் கட்டத்தில் மட்டும் டிக். இதற்காக ஃபயர்வாலை முழுதாக அணைப்பது, ஜன்னல் திறக்கவில்லை என்று சுவரை இடிப்பது போல.

ஓட்டைதேடி:
மேலே சொன்னது சரி, ஆனால் ரவுட்டர் வெளிப்பக்கத்தை முழுதாக அடைத்திருக்கிறது என்பதையும் அப்படியே நம்ப வேண்டாம். யுபிஎன்பி ஆனில் இருந்தால் உள்ளே இருக்கும் எந்தக் கருவியும் உங்களைக் கேட்காமல் போர்ட் திறக்கச் சொல்லலாம், ரவுட்டரும் திறந்துவிடும். "ரிமோட் மேனேஜ்மென்ட்" (வெளியிலிருந்து ரவுட்டர் அமைப்பை மாற்றும் வசதி), "டிஎம்ஸெட்" (ஒரு கருவியை வெளியுலகுக்கு முழுதாகத் திறந்துவிடுவது) இரண்டும் ஆஃப் ஆக இருக்கிறதா பாருங்கள். டபிள்யுபிஎஸ் பின்னையும் (பாஸ்வேர்டு இல்லாமல் வைஃபையில் சேர உதவும் எண்) அணையுங்கள். 8 இலக்கம் என்று பேர்தான். கடைசி இலக்கம் சரிபார்ப்பு எண், மீதியை இரண்டு பாதியாகச் சோதிப்பதால் 11,000 முயற்சிக்குள் முடிந்துவிடும்.

ஐபிவி6 (புதிய வகை இணைய முகவரி) தனிக் கதை. அங்கே பொதுவாக என்ஏடி (வீட்டுக் கருவிகள் எல்லாம் ரவுட்டரின் ஒரே வெளி முகவரியைப் பகிர்வது) கிடையாது, ஒவ்வொரு கருவிக்கும் வெளியுலக முகவரி. ரவுட்டரின் ஐபிவி6 ஃபயர்வால் ஆஃப் ஆக இருந்தால் நடுவில் தடுப்பே இல்லை. போர்ட் ஸ்கேன் செய்யும் தளத்தில் லேப்டாப்பைச் சோதித்து "ஃபில்டர்ட்" (வழியில் தடுக்கப்பட்டது) என்று வந்தால் நிம்மதியாகிவிடாதீர்கள். தடுத்தது ரவுட்டரா விண்டோஸா என்று அதில் தெரியாது. சொந்த ஃபயர்வால் இல்லாத பிரிண்டரின் ஐபிவி6 முகவரியைச் சோதியுங்கள். "க்ளோஸ்ட்" (போர்ட் மூடியிருக்கிறது) என்று பதில் வந்தால் பெரும்பாலும் பாக்கெட் பிரிண்டர் வரை போய்விட்டது என்று அர்த்தம்.

புதுக்கம்பி:
பிரிண்டர் ஃபயர்வால் ஆனிலேயே வேலை செய்கிறது, நன்றி. யுபிஎன்பி பட்டியலில் 192.168.1.9 – 554 என்று ஒரு வரி இருக்கிறது. இது என்ன?

ஓட்டைதேடி:
554 என்பது வழக்கமாக ஆர்டிஎஸ்பி, அதாவது வீடியோ ஓடும் போர்ட். உங்கள் கேமராவாகத்தான் இருக்கும். யுபிஎன்பியை அணைத்து ரவுட்டரை ரீஸ்டார்ட் செய்து, வரி போய்விட்டதா என்று மறுபடி பாருங்கள். கேமராவின் பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். 2016இல் மிராய் என்ற மால்வேர் லட்சக்கணக்கான கருவிகளைப் பிடித்தது கம்பெனி வைத்த பாஸ்வேர்டை மாற்றாததால்தான். முடிந்தால் கேமராவையும் டிவியையும் கெஸ்ட் நெட்வொர்க்குக்கு மாற்றுங்கள். அப்போது போனிலிருந்து கேமராவை நேரடியாகப் பார்க்க முடியாமல் போகலாம், ஆப் வழியாகச் சுற்றித்தான் வரும்.

வாசற்கதவு:
ஒரு சின்ன சேர்க்கை. ரவுட்டர் ஃபயர்வாலும் விண்டோஸ் ஃபயர்வாலும் ஒன்றோடொன்று மோதாது. ஒரே லேப்டாப்பில் இரண்டு ஃபயர்வால் மென்பொருள் போட்டால்தான் தகராறு.

ரவுட்டரும் ஒரு கணினிதான், அதன் ஃபர்ம்வேரையும் (ரவுட்டருக்குள் ஓடும் மென்பொருள்) அப்டேட் செய்யுங்கள். 2018இல் விபிஎன்ஃபில்டர் என்ற மால்வேர் பிடித்த ரவுட்டர்களில் ரீபூட் செய்தும் அதன் முதல் பகுதி அழியாமல் நின்றது, ஃபேக்டரி ரீசெட் தேவைப்பட்டது. அப்டேட் வருவது நின்றுபோன மாடல் என்றால் மாற்றிவிடுங்கள், "எஸ்பிஐ – ஆன்" என்று காட்டினாலும்.