கிமோனோவில் ஒரு நாள்: புதுப்பிப்பு

ஜப்பானியப் பாரம்பரிய உடையான கிமோனோவை வாடகைக்கு எடுத்துச் சுற்ற கியோட்டோவா, டோக்கியோவுக்குப் பக்கத்திலேயே ஏதாவது ஊரா என்று போன மாதம் இங்கே கேட்டிருந்தேன். கடைசியில் டோக்கியோவுக்குப் பக்கத்திலுள்ள கவகோயே என்ற பழைய ஊருக்குப் போனோம். டோக்கியோவின் இகெபுகுரோ நிலையத்திலிருந்து ரயிலில் அரை மணி நேரம்தான்.

வாடகைக் கடையில் உடுத்திவிட்ட அம்மா முதலில் சொன்னது: முன்னால் மடிக்கும்போது இடப்பக்கம்தான் வலப்பக்கத்துக்கு மேலே வரவேண்டும். மாற்றிக் கட்டுவது இறந்தவர்களுக்காம். ஓபி என்கிற இடுப்புப் பட்டையை இறுக்கியதும் மூச்சு பாதிதான் வந்தது, குனியவே முடியவில்லை. சாப்பாட்டை முன்பே முடித்துவிடுங்கள் என்று போன பதிவுக்குப் பதில் எழுதியவருக்கு நன்றி, உங்கள் பேச்சைக் கேட்டிருக்கலாம்.

1893 தீவிபத்தில் ஊரில் பெரும்பகுதி எரிந்தபோது தடித்த மண்சுவர்க் கிடங்குகள் தப்பின. அதைப் பார்த்துத்தான் வணிகர்கள் கடைகளையும் அப்படியே கட்டினார்களாம். அந்தக் கறுப்புச் சுவர்களுக்கு முன்னால் வெளிர் நிறக் கிமோனோ எடுப்பாக இருந்தது. மூன்று மணிக்கு மணிக்கூண்டு ஒலித்தபோது சர்க்கரைவள்ளி ஐஸ்கிரீமும் கையுமாக நின்றேன். ஒரு சொட்டு கிமோனோவின் கைப்பகுதியில் விழுந்தது. வாடகைக் கடையில் திட்டவில்லை, நல்லவேளை.

கிமோனோவோடு போடும் சோரி செருப்பு மட்டும் கட்டைவிரல் இடுக்கை உரித்துவிட்டது. பிளாஸ்டர் கொண்டு போங்கள்.