மறு: வைரசுக்குத் தமிழ்: நச்சுயிரியா, தொற்றியா?

> ஒரே சொல்லாக இருந்தால்தான் பிள்ளைகளுக்கு இலகு. காய்ச்சலுக்கும் கணினிக்கும் பொதுவாக 'நச்சுயிரி' என்றே அட்டவணையில் போட்டுவிடுவோம்.

ஐயாவுக்கும் குழும நண்பர்களுக்கும் வணக்கம்.

பிள்ளைகளுக்கான கலைச்சொல் அட்டவணைக்கு ஐயா எழுதிய மேலே உள்ள வரியை இரண்டு நாளாகத் திரும்பத் திரும்ப வாசித்துப் பார்த்தேன். மன்னிக்க வேணும் ஐயா, 'நச்சு' என்பதும் சரியாகப் படவில்லை, 'உயிரி' என்பதும் சரியாகப் படவில்லை.

இலத்தீனில் வைரசு என்றால் நஞ்சுதான். மொழிபெயர்ப்பில் பிழை சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் பெயரை வைத்தபோது அந்தச் சாமானை ஒருவரும் கண்ணால் கண்டதில்லை. 1892இல் ரஷ்யாவில் இவனோவ்ஸ்கி, தேமல் விழுந்த புகையிலையின் சாற்றை எடுத்து, பற்றீரியாகூட நுழைய முடியாத வடியில் வடித்தார். வடிந்த சாறு நல்ல இலைக்கும் நோயைக் கொடுத்தது. 1898இல் ஒல்லாந்தரான பெய்யரிங்க் அதை வைரசு என்றார். அவருக்கு அது ஏதோ ஒரு சாறு, அவ்வளவுதான். (வைரசு ஆராய்ச்சி தொடங்கினதே புகையிலையில்தான் என்று எங்கள் அப்புவுக்குச் சொன்னேன். நாற்பது வருசம் புகையிலைத் தோட்டம் செய்தவர். "அந்தப் பழியையும் அதின்ரை தலையிலேயே போட்டாச்சோ?" என்று கேட்டார்.)

நஞ்சு என்றால் அளவுக்கு ஏற்றபடி வேலை செய்யவேணும். கூடக் குடித்தால் கூடப் பாதிப்பு. மாரி மழை விட்டபிறகு மார்கழி, தையில் எங்கள் வீடுகளுக்கு வருகிற டெங்கை எடுத்துப் பாருங்கள். அந்த வைரசில் நாலு வகை. ஒரு வகை வந்து மாறினால் அந்த வகை திரும்ப வராது. ஆனால் அடுத்த முறை வேறு வகை தொற்றினால் கடுமையாகும் வாய்ப்புக் கூட. முதல் முறை உடம்பு நோயை எதிர்க்கச் செய்துவைத்த பிறபொருளெதிரிகளே புதிய வகை கலத்துக்குள் புகக் கதவு திறந்துவிடுகின்றன என்பது விளக்கம். காய்ச்சல் விடுகிற நேரத்தில்தான் குருதியின் நீர்ப்பகுதி நாளங்களிலிருந்து கசியும், ஆள் சோர்ந்து விழும். 'நச்சு' என்ற சொல்லை வைத்துக்கொண்டு இதை ஒரு பிள்ளைக்கு விளங்கப்படுத்த முடியுமா?

'உயிரி' பற்றிக் கனக்க எழுதத் தேவையில்லை. 1935இல் ஸ்டான்லி அதே புகையிலை வைரசைச் சீனிபோலப் பளிங்காக்கிப் போத்திலில் போட்டுவைத்தார். உயிருள்ளதா இல்லையா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. தீராத வழக்குக்குப் பெயரிலேயே தீர்ப்பு எழுதுவது சரியில்லை.

அது உண்மையில் என்ன செய்கிறது? டெங்கு வைரசின் முழு மரபுச் செய்தியும் ஏறத்தாழ 11,000 எழுத்து. பத்திரிகைப் பக்கம் ஒன்றில் அடக்கிவிடலாம். வெளியே கிடந்தால் ஒன்றுமில்லை. கலத்துக்குள் புகுந்தால், கலம் தன் வேலையை விட்டுவிட்டு இந்தப் பக்கத்தைப் படியெடுக்கத் தொடங்கும். கணினியிலும் இதே கதைதான். 1983இல் பிரெட் கோகன் என்ற மாணவர் தன் செய்நிரலை (புரோகிராமை) ஆசிரியர் லெனார்ட் ஏடில்மனுக்குக் காட்டியபோது, வைரசு என்ற பெயரைச் சொன்னவர் ஏடில்மன். (கணினிக்கு உயிரியலில் இருந்து பெயர் இரவல் கொடுத்த இதே மனிதர், 1994இல் டி.என்.ஏ.யை வைத்தே கணக்குச் செய்து காட்டினார். கடனைத் திருப்பிக் கொடுத்தமாதிரி.) கோகன் சொன்ன வரைவிலக்கணம் இது: மற்றச் செய்நிரல்களை மாற்றி, அவற்றுக்குள் தன் படியொன்றைச் சேர்த்துவிடும் செய்நிரல்.

இரண்டுக்கும் பொதுவான வினை தொற்றுதல். காலமை 750ஆம் இலக்கப் பஸ்ஸில் ஆசனம் கிடைக்காதவன் மிதிபலகையில் தொற்றிக்கொண்டு போவதும் அதே வினைதான். அதனால் என் முன்மொழிவு: தொற்றி. டெங்குத்தொற்றி, கணினித்தொற்றி. அடிக்கிறவர்கள் அடிக்கலாம்.

கோப்பாயிலிருந்து

———

தம்பி,

நல்லாய்த்தான் எழுதியிருக்கிறீர், ஆனால் அடி விழும் என்று நீரே சொல்லிவிட்டீர்.

தொற்றுவது வைரசு மட்டுமா? நெருப்புக்காய்ச்சல் தொற்றாதா, சயம் தொற்றாதா? இரண்டும் பற்றீரியா. உம்முடைய சொல் வந்தால் எங்கள் ஆஸ்பத்திரி விடுதியில் எல்லாமே தொற்றிதான். இப்பவே "வைரஸ் காய்ச்சல்" என்று சொன்னபிறகும் "ஒரு அன்ரிபயோட்டிக் எழுதித் தாங்கோ டொக்டர்" என்று நிற்கிற சனம். அந்த மருந்து பற்றீரியாவுக்குத்தான், வைரசை ஒன்றும் செய்யாது என்று தொண்டைத்தண்ணி வத்தக் கதைக்கிறோம். அந்த வேறுபாட்டைத் தாங்கி நிற்பது 'வைரசு' என்ற ஒரு சொல்தான். அதையும் பிடுங்கிவிடாதேயும்.

பழைய ஆட்கள் கிருமியைப் பார்த்துப் பெயர் வைக்கவில்லை, ஆளைப் பார்த்து வைத்தார்கள். கொப்பளிப்பான், சின்னமுத்து, கூகைக்கட்டு. கன்னம் வீங்கின பிள்ளையைக் கண்டவர்களுக்கு அதைவிட நல்ல பெயர் வருமா? மூன்றும் வைரசு நோய். ஒரு பெயரிலும் நஞ்சு இல்லை.

இன்னொன்று. நான் இருப்பது மானிப்பாயில். 1847இல் வந்து இங்கே தமிழில் மருத்துவம் படிப்பித்த அமெரிக்க மிசனறி டாக்டர் கிறீன் எத்தனையோ உறுப்புக்கும் நோய்க்கும் தமிழ் தேடினவர். அவரே இரசாயன நூலுக்கு 'கெமிஸ்தம்' என்றுதான் பெயர் போட்டார். அந்நியச் சொல்லுக்குத் தமிழ் வால் ஒட்டி நடக்கவிட்டார். கெமிஸ்தம் நிற்கவில்லை, இரசாயனவியல் வந்துவிட்டது, அது வேறு. வைரசு அப்படியில்லை. பாடப்புத்தகத்தில் நிற்கிறது, வைரசுகள், வைரசால், வைரசுக்கு என்று வேற்றுமையும் ஏற்கிறது. விடும் அதை.

மானிப்பாய் அக்கா

———

அக்கா,

தோற்றேன். நோய்ப் பக்கத்துக்கு வைரசு இருக்கட்டும். ஒரே சொல்தான் வேணும் என்ற ஐயாவின் நிபந்தனையையும் கைவிடுவோம். ஏடில்மன் சொன்னது ஓர் உவமை. உவமையை அப்படியே மொழிபெயர்க்கவேணும் என்று சட்டமில்லை.

ஆனால் கணினிக்கு என் வினையை விடமாட்டேன்: தொற்றுநிரல். இங்கே பற்றீரியாக் குழப்பம் இல்லை, கோகனின் வரைவிலக்கணம் பெயருக்குள்ளேயே இருக்கிறது. 1986இல் லாகூரில் இரண்டு சகோதரர் எழுதிய 'பிரெயின்' என்ற கணினி வைரசு, நெகிழ்வட்டின் (floppy) தொடக்கப் பகுதியில் ஏறிக்கொண்டு வட்டு வட்டாகப் போனது. உள்ளே தங்கள் கடை முகவரியும் தொலைபேசி இலக்கமும் எழுதிவைத்திருந்தார்கள். அது செய்த முதல் வேலை என்ன? தொற்றினது, அவ்வளவுதான்.

கணினிப் புழுவுக்கு (worm) அட்டவணையில் தனி வரி. 1988 மோரிஸ் புழுவுக்கு ஏற இன்னொரு செய்நிரல் தேவைப்படவில்லை. தானே வலையமைப்பில் ஊர்ந்தது. 2017 வன்னாகிரைப் (WannaCry) புழுவும் அப்படியே ஊர்ந்துபோய் இங்கிலாந்து ஆஸ்பத்திரிகளில் சத்திரசிகிச்சைகளைத் தள்ளிப்போட வைத்தது. அங்கே கணினிக் கேடு நோயாளியின் கட்டில்வரை வந்துவிட்டது, அக்கா.

இவை எல்லாவற்றுக்கும் பொதுப்பெயராக 'தீம்பொருள்' என்று எழுதுகிறார்கள். எனக்கு அதை வாசிக்க வாயூறுகிறது. தீம்பால், தீங்கனி, தீந்தமிழ் என்று படித்து வளர்ந்த காதுக்குத் தீம்பொருள் என்றால் தொதல் மாதிரி இனிப்புத்தான். ஆகவே ஐயாவின் 'நச்சு' வீண்போகவேண்டாம். கெடுக்கும் நோக்கத்தோடு எழுதியது எதுவானாலும் நச்சுநிரல். அதற்குள் தொற்றுநிரல் ஒரு வகை, புழு ஒரு வகை. ஐயா சம்மதித்தால் அட்டவணையில் இப்படியே ஏற்றிவிடுகிறேன்.

நேற்று வகுப்பு வினாத்தாள் அச்செடுக்கப் போட்டோக்கொப்பிக் கடைக்குப் போனேன். பென்டிரைவைச் செருகினதுதான் தாமதம், என் கோப்புறைகள் எல்லாம் ஒளிந்துகொண்டு குறுக்குவழிப் படங்கள் மட்டும் நின்றன. "தம்பி, உம்முடைய கணினியில் தொற்றுநிரல் இருக்கு" என்றேன்.

"சோட்கட் வைரஸைச் சொல்லுறியளோ சேர்?"

"ஓம். ஆனால் சரியாய்ச் சொன்னால் அது வைரசில்லை. தானே தன்னைப் படியெடுத்துப் போகும். புழு."

"அப்ப புழு எண்டே சொல்லுங்கோவன்."

கோப்பாயிலிருந்து