கல்லறைக் கல்லில் ௲௫௰௨ என்று இருக்கிறது: இது எந்த ஆண்டு?

தேரிமணல் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். திருச்செந்தூர்ப் பக்கம், தேரிக்காட்டை ஒட்டிய ஒரு கிராமம் எங்களுடையது. அங்கே ஆலயத்துக்குப் பின்னால் பழைய கல்லறைத் தோட்டம் இருக்கிறது. என் தாத்தா கல்லறைத் திருநாள்தோறும் முதலில் தம் பெற்றோரின் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றுவார். பிறகு கிழக்கு மூலைக்குப் போய், செம்மணலில் பாதி புதைந்து கிடக்கும் ஒரு கல்லின் முன் இரண்டு மெழுகுவர்த்திகளை ஏற்றிவைப்பார். யார் தாத்தா என்று கேட்டால் "நம் ஆட்கள்" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. தாத்தா இறந்து நாற்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. இப்போது என் அப்பாவுக்கு வயது 82. அந்தக் கல் யாருடையது என்று தெரிந்துகொள்ளாமல் போய்விடுவேனோ என்று சென்ற மாதம் அவர் சொன்னதிலிருந்து எனக்கு வேறு நினைவே இல்லை.

தாத்தாவின் அப்பா மிஷன் விடுதியில் வளர்ந்தவர். "பஞ்சத்தில் தப்பிய பிள்ளை" என்று மட்டும் வீட்டில் சொல்வார்கள். அவருடைய பெற்றோரின் பெயர் எங்கள் குடும்ப வேதாகமத்தின் முன்பக்கத்தில்கூட இல்லை.

போன வாரம் போய்க் கல்லைப் பார்த்தேன். செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய சிறிய கல்லறை. தலைமாட்டில் ஒரு பலகைக் கல். முதல் வரி தேய்ந்துவிட்டது. மற்றது இப்படி இருக்கிறது:

…முத்து உபதேசியார்
வயது ௩௰௮
௲௫௰௨௵ மாசி௴ ௰௨௳
கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்

௩, ௫, ௨ ஆகிய எண்கள் எனக்குத் தெரியும். நடுவில் வருகின்ற குறிகள்தான் புரியவில்லை. சித்தப்பா 152 என்கிறார். அத்தை மகன் 1052 என்கிறான். ஆயிரம் ஆண்டுக்கு முன் இங்கே கிறிஸ்தவ சபையில் வேதம் போதிக்கும் உபதேசியார் ஏது? இது எங்கள் விடுதிப் பிள்ளையின் தகப்பனாராக இருக்க வாய்ப்பு உண்டா? அடுத்த முறை கம்பித் தூரிகையும் கொஞ்சம் ஆசிட்டும் கொண்டுபோய் முதல் வரியைத் தேய்த்துப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். அதற்கு முன் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மேலத்தெரு எழுதியது:

அம்மா, முதலில் அந்த ஆசிட்டைத் தொடாதீர்கள்! கம்பித் தூரிகையும் வேண்டாம். என் பாட்டியின் கல்லை நானே அப்படித் தேய்த்து அழித்தவன். 1890களின் எழுத்து, அரை மணி நேரத்தில் போய்விட்டது. சுண்ணாம்புப் பூச்சு ஆசிட் பட்டால் நுரைத்துக் கரைந்துவிடும். சுண்ணக்கட்டியை எழுத்தின் மேல் தடவுவதும் கூடாது.

வெறும் தண்ணீர், மிருதுவான தூரிகை, அவ்வளவு போதும். கல் ஆடினால் அதையும் செய்யாதீர்கள். எழுத்தைப் படிக்க வெளிச்சம்தான் கருவி. மாலை ஐந்து மணிக்கு மேல் வெயில் சாய்ந்து விழும்போது போங்கள். கல் நிழலில் இருந்தால் முகம் பார்க்கும் கண்ணாடியால் வெயிலைப் பக்கவாட்டில் திருப்பி அடியுங்கள். பகலில் ஒன்றுமே தெரியாத இடத்தில் எழுத்தின் பள்ளம் நிழலாக எழுந்து வரும். ஒரே இடத்தில் நின்று, வெளிச்சத்தை மட்டும் நான்கு பக்கமும் மாற்றிப் படம் எடுங்கள்.

ஓலைச்சுவடி எழுதியது:

உங்கள் அத்தை மகன் சொல்வதுதான் சரி. அது 1052-தான். ஆனால் கிறிஸ்து ஆண்டு அல்ல, கொல்லம் ஆண்டு.

பழைய தமிழ்க் கணக்கில் பத்து, நூறு, ஆயிரம் ஒவ்வொன்றுக்கும் தனிக் குறி உண்டு. ௰ பத்து, ௱ நூறு, ௲ ஆயிரம். பூச்சியம் வைத்து எழுதும் வழக்கம் கிடையாது. ௫௰ என்றால் ஐம்பது. ஆகவே ௲௫௰௨ என்பது ஆயிரம், ஐம்பது, இரண்டு. வயது ௩௰௮ என்பது 38. எண்ணுக்குப் பின் வருகிற ௵ வருஷம், ௴ மாதம், ௳ தேதி. இன்னொரு குறியையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: ௸. மேற்படி என்று பொருள். பத்திரங்களிலும் கல்லிலும் அடிக்கடி வரும்.

நெல்லைச் சீமையில் பத்திரம், ஓலை, கல் எல்லாவற்றிலும் கொல்லம் ஆண்டு புழங்கியது. அது ஆவணியில் பிறக்கும். ஆவணி முதல் டிசம்பர் முடிய உள்ள நாள்களுக்கு 824-ஐயும், ஜனவரிக்குப் பின் வரும் நாள்களுக்கு 825-ஐயும் கூட்ட வேண்டும். உங்கள் கல்லில் இருப்பது மாசி. எனவே 1052-உடன் 825 சேர்ந்து 1877. மாசி 12 பிப்ரவரியின் பிற்பகுதியில் விழும்.

1877 பிப்ரவரி என்றால் தாது வருஷம், அம்மா. தாது வருஷப் பஞ்சம் நடந்துகொண்டிருந்த நேரம். 1876-இல் மழை பொய்த்துத் தொடங்கி 1878 வரை தென்னாட்டை வாட்டியது. பசியில் மடிந்தவர்கள் ஒரு பக்கம், அதன் கூடவே வந்த காலராவில் மடிந்தவர்கள் இன்னொரு பக்கம். உங்கள் வீட்டுப் பேச்சில் உள்ள பஞ்சமும் இந்தக் கல்லில் உள்ள ஆண்டும் ஒத்துப்போகின்றன. கல்லில் வெறும் "தாது" என்று மட்டும் இருந்திருந்தால் 1816, 1876, 1936 மூன்றில் எது என்று திண்டாடியிருப்போம். அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பி வருமே! கொல்லம் ஆண்டைப் பொறித்த கொத்தனாருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

முதல் வரியைப் படிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஊர்க் கொத்தர்கள் பல நேரம் புள்ளி வைக்க மாட்டார்கள். றா, னா, ணை, லை போன்றவையும் 1978-ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய வடிவில் இருக்கும். இன்றைய எழுத்தைத் தேடினால் கண்ணுக்குப் படாது.

நாசரேத்துக்காரி எழுதியது:

தங்கை, கல்லில் உள்ள "உபதேசியார்" என்ற சொல்தான் உங்களுக்குப் பெரிய புதையல். சாதாரணக் குடியானவராக இருந்தால் பதிவேட்டில் ஒரு வரியோடு முடிந்துவிடும். உபதேசியார் மிஷனில் சம்பளம் வாங்கியவர். எந்தச் சபையில் எப்போது ஊழியம் செய்தார் என்று ஏதாவது ஒரு அறிக்கையில் இருக்க வாய்ப்பு அதிகம்.

ஆகவே உங்கள் ஊர் பழைய நாளில் எந்த மிஷனைச் சேர்ந்தது என்று முதலில் கேளுங்கள். இங்கே எஸ்.பி.ஜி., சி.எம்.எஸ். என்ற இரண்டு ஆங்கிலேய மிஷன் சங்கங்கள் வேலை செய்தன. நாசரேத், முதலூர், இடையன்குடி எல்லாம் எஸ்.பி.ஜி. மெஞ்ஞானபுரம், டோனாவூர் சி.எம்.எஸ். 1947-இல் தென்னிந்தியத் திருச்சபை உருவான பிறகு எல்லாம் ஒன்றாகிவிட்டதால் இன்று இளையவர்களுக்கு இந்த வேறுபாடு தெரிவதில்லை. சி.எம்.எஸ். ஆவணங்கள் பர்மிங்காம் பல்கலைக்கழகத்திலும் எஸ்.பி.ஜி. ஆவணங்கள் ஆக்ஸ்போர்டின் பாட்லியன் நூலகத்திலும் இருக்கின்றன. தவறான கதவைத் தட்டி மாதங்களை வீணாக்காதீர்கள்.

அதற்கு முன் உங்கள் சேகர (பல சபைகள் சேர்ந்த திருச்சபைப் பிரிவு) அலுவலகத்தில் அடக்கப் பதிவேட்டைக் கேளுங்கள். ஓலைச்சுவடி ஐயா சொன்ன மாதத்தைக் கையில் வைத்துக்கொண்டு போனால் தேடுவது எளிது. பதிவேட்டில் தேதி ஆங்கில முறையில் இருக்கும் என்பதால் முன்னும் பின்னும் பத்து நாள் சேர்த்துப் பாருங்கள். எங்கள் குடும்பத்துக்கு வேண்டிய பதிவேட்டைக் கரையான் தின்றிருந்தது. ஒரு வருடம் அழுதேன் என்றே சொல்லலாம். பிறகு பக்கத்துச் சேகரத்தின் திருமணப் பதிவேட்டில் என் பூட்டனாரின் தகப்பனார் பெயர் கிடைத்தது, பெண் வீட்டு ஊரில் கல்யாணம் நடந்ததால். ஒரு வாசல் அடைத்தால் பெண் வழியில் போய்ப் பாருங்கள். ஆண்கள் வழியை மட்டும் தேடுகிறவர்கள் பாதியில் நின்றுவிடுகிறார்கள்.

ஞானஸ்நானத்துக்கு முந்தைய தலைமுறைக்கு வரும்போது பெயரே மாறிவிடும். வேதமுத்து, ஞானமுத்து என்று நாம் தேடுகிறவர் அதற்கு முன் இசக்கிமுத்துவாகவோ சுடலைமுத்துவாகவோ இருந்திருப்பார். "முத்து" மட்டும் ஒட்டிக்கொண்டு வருவதை நான் பல குடும்பங்களில் பார்த்திருக்கிறேன். இங்கே உதவுவது பழைய பத்திரங்கள். 1860களின் நடுவிலிருந்து பத்திரப் பதிவு இருக்கிறது. பனை விளை ஒன்றை விற்றிருந்தால்கூட "இன்ன ஊர் இன்னார் குமாரர்" என்று எழுதியிருப்பார்கள்.

இன்னொன்றையும் கேட்கத் தயங்காதீர்கள்: மதம் மாறாத தாயாதிகள் யாராவது இருக்கிறார்களா? இருந்தால், பங்குனி உத்திரத்துக்கு எந்தச் சாஸ்தா கோயிலுக்குப் போகிறார்கள்? நம் பக்கத்தில் குடும்பம் எத்தனை ஊர் மாறினாலும் சாஸ்தாவை மாற்றுவதில்லை. அந்தக் கோயில் இருக்கும் ஊரைச் சுற்றித்தான் உங்கள் வேர் இருக்கும். ஐந்து தலைமுறையாக ஆலயத்துக்குப் போகிற குடும்பத்தில் இதைக் கேட்டால் சில பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். என் அப்பாவும் சுளித்தார். ஆனால் அந்தக் கோயில் வாசலில் என்னை நடத்திக்கொண்டுபோய் நிறுத்தியவரும் அவர்தான்.

தேரிமணல் எழுதியது:

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. ஞாயிறு மாலை அப்பாவையும் நாற்காலியோடு அழைத்துக்கொண்டு போனேன். ஆசிட் வீட்டோடு நின்றுவிட்டது, மேலத்தெரு ஐயா.

கண்ணாடியால் வெயிலைத் திருப்பியும் முதல் வரி முழுதாக வரவில்லை. "குமாரன்" என்ற சொல் மட்டும் தெரிந்தது. புள்ளி இல்லை, னுக்குக் கீழே ஒரு கீறல். யாருடைய குமாரன் என்ற இடம் பொரிந்து உதிர்ந்திருக்கிறது.

ஆனால் கல்லின் அடியில் மணல் ஏறியிருந்தது அல்லவா, அதைக் கையால் தள்ளினேன். ஒரு சாண் ஆழத்தில் இன்னும் எழுத்து இருந்தது. மணலுக்குள் இருந்ததால் நேற்று வெட்டியது போல இருந்தது:

இவர் பத்தினி …அம்மாள்
௸௴ ௰௭௳

மேற்படி மாதம், 17-ஆம் தேதி. ஓலைச்சுவடி ஐயா அந்தக் குறியைச் சொல்லியிருக்காவிட்டால் கிறுக்கல் என்று நினைத்துத் திரும்பியிருப்பேன். ஐந்து நாள் இடைவெளியில் இருவரும் போயிருக்கிறார்கள். தாத்தா ஏன் இரண்டு மெழுகுவர்த்திகள் வைத்தார் என்பது அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. அப்பா எழுந்து வந்து அந்த வரியின் மேல் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். அவரைப் பேச வைக்க நான் முயலவில்லை.

இவர்கள்தான் விடுதிப் பிள்ளையின் பெற்றோர் என்று இன்னும் உறுதியாகச் சொல்ல முடியாது, எனக்குத் தெரிகிறது. சேகர குருவானவர் சனிக்கிழமை காலை வரச் சொல்லியிருக்கிறார். அடக்கப் பதிவேட்டில் 1877 பிப்ரவரியையும் மார்ச்சையும் பார்க்கப் போகிறோம். விடுதியில் அந்த ஆண்டு சேர்த்த பிள்ளைகளின் பட்டியல் எங்கே இருக்கும் என்று அவரிடமே கேட்பேன்.

நாசரேத்து அக்காவுக்கு ஒரு கேள்வி. அந்த அம்மாளின் பெயரில் முன் எழுத்துகள் இரண்டு உடைந்திருக்கின்றன. அடக்கப் பதிவேட்டில் மனைவிமாரைச் சொந்தப் பெயரில் எழுதுவார்களா, அல்லது "இன்னார் மனைவி" என்றுதான் இருக்குமா? சனிக்கிழமைக்குள் சொன்னால் நல்லது. அப்பா அந்தப் பெயரைத்தான் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.