புதுப்பிப்பு: இழைப்பு மேசைக்கு வைஸ் ஒன்றா, இரண்டா?

ஆறடி வேப்பமர மேசைக்கு முன்பக்கம் ஒன்று, வலக்கோடியில் ஒன்று என இரண்டு வைஸ் (மரத்தைத் திருகி இறுக்கிப் பிடிக்கும் பிடி) போடலாமா என்று மூன்று மாதம் முன்பு இங்கே கேட்டிருந்தேன். "முதலில் ஒன்றோடு வேலை செய்து பாருங்கள்" என்றீர்கள். நீங்கள் சொன்னபடி செய்தது நல்லதாகப் போயிற்று.

பலகையை இழைக்க வைஸே தேவைப்படவில்லை. இடக்கோடியில் ஒரு கட்டையைத் தடுப்பாக நிறுத்தினேன். இழைப்புளி தள்ளுகிற விசையே பலகையை அதில் அழுத்திப் பிடித்துக்கொள்கிறது.

தலைவலி கொடுத்தது ஹோல்ட்ஃபாஸ்ட்தான். மேசையிலுள்ள 19 மி.மீ. துளையில் இறக்கித் தலையில் ஒரு தட்டு தட்டினால், வேலை செய்யும் மரத்தை மேசையோடு கவ்வ வேண்டிய வளைந்த இரும்பு. தண்டு துளைக்குள் லேசாகச் சாய்ந்தால்தான் இறுகும். என் மேசைப் பலகையோ 4 அங்குலக் கனம், சாய இடமில்லாமல் வழுக்கியது. மேசையைக் கவிழ்த்து, அடியிலிருந்து ஒன்றரை அங்குல ஆழத்துக்குத் துளையை அகலமாக்கினேன். (பழைய துளையில் டிரில் பிட்டுக்கு மையம் கிடைக்காது, மரக்குச்சி அடைத்துவிட்டுத் துளையுங்கள். நான் ஒரு துளையைக் கெடுத்த பிறகுதான் இது உறைத்தது.) தண்டையும் உப்புத்தாளால் குறுக்கே தேய்த்துச் சொரசொரப்பாக்கினேன். இப்போது உடும்புப் பிடி. கழற்ற, பின்பக்கம் ஒரு தட்டு போதும்.

முன்கால்களை மேசை விளிம்போடு ஒட்ட வைக்கச் சொன்னவருக்குத் தனி நன்றி. கதவுச் சட்டத்தை நிறுத்தி விளிம்பு இழைக்கும்போது காலே முட்டுக்கொடுக்கிறது.

சரி, இரண்டாவது வைஸுக்கு வைத்திருந்த பணம் ஒரு நல்ல இழைப்புளிக்குப் போய்விட்டது.