கடலூர்ப் போர் 1783: கப்பல் தளமே இல்லாத கரையில் போர்க்கப்பலை எப்படிச் செப்பனிட்டார்கள்?

கடிலக்கரை:
வணக்கம். 1783 ஜூன் 20 அன்று நடந்த கடலூர்க் கடற்போரைப் பற்றிப் பள்ளிக் கண்காட்சி ஒன்றுக்கு விளக்கப் பலகை எழுதுகிறோம். வரைவில் இப்படி ஒரு வரி இருக்கிறது: "1782 ஜூலையில் நாகப்பட்டினப் போரில் அடிபட்ட பிரெஞ்சுக் கப்பல்கள் கடலூர்க் கப்பல் தளத்தில் பழுதுபார்க்கப்பட்டன." அந்தத் 'தளம்' என்ற சொல்தான் உறுத்துகிறது. 74 பீரங்கி ஏற்றிய கப்பல் கடிலம் முகத்துவாரத்துக்குள்ளோ உப்பனாற்றுக்குள்ளோ நுழைந்திருக்க முடியுமா? முடியாது என்றால், ஒடிந்த பாய்மரத்தைத் திறந்த கடலில் வைத்து எப்படி மாற்றினார்கள்? நீருக்கடியில் இருக்கும் பலகையை எங்கே பார்த்தார்கள்? தெரிந்தவர்கள் சொன்னால் பலகையைத் திருத்திவிடலாம்.

ஓடாவி:
'தளத்தில்' என்பதை முதலில் அடித்துவிடுங்கள். கடலூரில் மட்டுமல்ல, புதுச்சேரியிலும் சென்னையிலும் அன்று போர்க்கப்பலுக்கான தளம் கிடையாது. மூன்றுமே திறந்த கடல் நங்கூரத் துறைகள்தாம்.

காரணம் ஆழக் கணக்கு. முழுச் சுமையோடு நிற்கும் 74 பீரங்கிக் கப்பல் ஏறக்குறைய 7 மீட்டர் ஆழத்துக்குத் தண்ணீரில் அமிழும். நம் முகத்துவாரங்களில் அலை கொண்டுவந்து சேர்க்கும் மணல்திட்டின் மேல் கோடையில் ஆள் உயரத் தண்ணீர் நின்றாலே பெரிது. தோணி போகும், சிறு வணிகக் கப்பல் சுமை குறைத்து வரலாம், போர்க்கப்பல் வராது. அதனால் அவை கரையிலிருந்து ஒரு மைல், ஒன்றரை மைல் தள்ளி 6, 7 பாகம் (ஒரு பாகம் சுமார் 6 அடி) ஆழத்தில் நங்கூரம் பாய்ச்சி நின்றன. ஆள், தண்ணீர், மரம், குண்டு எல்லாமே சலங்கில்தான் போய்வந்தன. சலங்கு என்றால் ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த படகு. உள்ளே வங்கு (பலகைகளைத் தாங்கும் விலா எலும்பு போன்ற சட்டம்) கிடையாது, அதனால் அலை அடித்து மணலில் மோதினாலும் பலகை வளைந்து கொடுக்கும், உடையாது. ஆணி அடித்த ஐரோப்பியப் படகு அதே அலையில் பிளந்துவிடும். பிரெஞ்சுக்காரர்கள் இந்தப் பெயரையே எடுத்து 'ஷெலாங்கு' என்று எழுதி வைத்தார்கள்.

இன்னொரு காரணம் ஏத்தம்-வத்தம், அதாவது கடல் ஓதம் ஏறி இறங்குவது. நீராவி விசைப்பம்பு வருவதற்கு முன் உலர்துறை (தண்ணீரை வடித்துக் கப்பலைப் பழுதுபார்க்கும் துறை) கட்ட நல்ல ஓத வேறுபாடு வேண்டும். ஏத்தத்தில் கப்பலை உள்ளே மிதக்கவிட்டு, வத்தத்தில் தண்ணீர் வடிந்ததும் கதவை மூடி, மிச்சத்தை இறைத்துவிடுவார்கள். மும்பையில் பெருஓத நாளில் 4 மீட்டருக்கும் மேல் ஏறி இறங்கும். நம் கரையில் ஒரு மீட்டர்கூட முழுதாக வராது. மும்பையில் 1750-ல் முதல் உலர்துறை வந்தது, 1765-க்குள் இன்னும் இரண்டு சேர்ந்தன. சூரத்திலிருந்து 1736-ல் அங்கே போன லௌஜி நசர்வான்ஜி வாடியாவின் குடும்பம்தான் தலைமுறை தலைமுறையாகத் தேக்கில் கப்பல் கட்டியது. அந்தக் குடும்பம் கட்டி 1817-ல் கடலில் இறக்கிய 'டிரிங்கோமலி' என்ற போர்க்கப்பல் இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதக்கிறது.

கொண்டல்:
ஓடாவி சொன்னதோடு காலவரிசையையும் சேர்த்தால் பலகைக்கு உயிர் வரும்.

1782 ஜூலை 6, நாகப்பட்டினத்துக்கு எதிரே போர். பிரெஞ்சு 'பிரியான்' தன் பெரிய பாய்மரத்தை இழந்தது. பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சுஃப்ரேன் நேரே கடலூருக்கு வந்தார். அந்த ஏப்ரலில்தான் கடலூர் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போயிருந்தது. இங்கே கிடங்கில் பாய்மரம் இல்லை, ஆலாத்துக் கயிறு (நங்கூரம் கட்டும் தடித்த வடம்) இல்லை. பிடிபட்ட வணிகக் கப்பலிலும் சிறு கப்பல்களிலும் இருந்த மரங்களைக் கழற்றிப் பெரிய கப்பலுக்கு ஏற்றினார்கள். ஜூலை 26-ல் ஹைதர் அலியைச் சந்தித்துவிட்டு, ஆகஸ்ட் 1-ல் பாய் விரித்துவிட்டார் மனிதர்.

எதிரியான ஆங்கிலக் கடற்படைத் தளபதி எட்வர்டு ஹியூஸ் சென்னைக்குப் போனார். அங்கே கம்பெனிக் கிடங்கே இருந்தது. ஆனாலும் அவர் புறப்பட ஆகஸ்ட் 20 ஆகிவிட்டது. அந்த இடைவெளியில் திருகோணமலை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போய்விட்டது. செப்டம்பர் 2-ல் ஹியூஸ் போய்ப் பார்த்தபோது கோட்டையில் பிரெஞ்சுக் கொடி பறந்தது. கடலூருக்கு எதிரே நங்கூரத்தில் நின்றபடி மிச்சம் பிடித்த நாட்கள்தாம் ஒரு துறைமுகத்தையே பெற்றுத் தந்தன. பலகையில் முதலில் வரவேண்டியது இதுதான் என்பேன்.

அடுத்த நாள், செப்டம்பர் 3 போரில் சுஃப்ரேனின் கொடிக்கப்பல் (தளபதி ஏறியிருக்கும் கப்பல்) 'ஏரோ' பெரிய பாய்மரத்தையும் பின் பாய்மரத்தையும் இழந்தது. சில நாளில் 'ஓரியான்' திருகோணமலை வாயிலில் பாறை தட்டி உடைந்தது. அதன் பாய்மரங்களைக் காப்பாற்றி ஏரோவுக்கு வைத்தார்கள். அக்டோபர் 4-ல் 'பிஸார்' இதே கடலூர்க் கரைக்கு மிக நெருங்கி வந்து தரைதட்டிப் போயிற்று. ஒரே மாதத்தில் போர்வரிசையில் நிற்கும் பெரிய கப்பல்கள் இரண்டு, இரண்டையும் எதிரி குண்டு தொடவில்லை.

கலப்பத்து:
பாய்மரம் மாற்றுவதையும் அடிப்பலகை பார்ப்பதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக்கூடாது. முதலாவதைத் திறந்த கடலில் சிரமப்பட்டாவது செய்யலாம். இரண்டாவதைச் செய்யவே முடியாது.

பாய்மரம்: 74 பீரங்கிக் கப்பலின் பெரிய பாய்மரம் ஏறக்குறைய 33 மீட்டர் நீளம், அடியில் 90 செ.மீ. குறுக்களவு. அது மேல்தளத்தில் நிற்பதல்ல. தளங்களைத் துளைத்து இறங்கி, ஏராக்கட்டைக்கு (கப்பலின் அடியில் முதுகெலும்பு போல் ஓடும் நீளக் கட்டை) மேல் ஓடும் உள்கட்டையில் குழி வெட்டி அதில் நிற்கும். ஒடிந்தால் அடிக்கட்டையையும் உருவியாக வேண்டும். இரண்டு நீளப் பருமல்களை (பாய் கட்டும் குறுக்கு மரங்களை) உச்சியில் கயிற்றால் கட்டி, கால்களைக் கப்பலின் இரு ஓரத்திலும் தடித்த பலகை மேல் ஊன்றினால் கத்தரிக்கால் ஆயிற்று. உச்சியில் கப்பி, கயிற்றின் மறுமுனை நங்கூரம் இழுக்கும் உருளைக்கு. பலகை போடாமல் ஊன்றினால் கத்தரிக்காலின் கால் தளத்தைக் கிழித்துக்கொண்டு இறங்கிவிடும். தொங்கும் மரம் கப்பலின் ஆட்டத்தோடு ஊசலாடத் தொடங்கினால் ஆளையும் பக்கச்சுவரையும் இடிக்கும். அதனால் அலை அடங்கிய விடிகாலையில்தான் தூக்குவார்கள்.

முழுதாக ஒடியாமல் கீறல் மட்டும் விட்டிருந்தால், எலும்பு முறிவுக்குச் சிம்பு வைத்துக் கட்டுவது போல, சுற்றிலும் நீளக் கட்டைகளை வைத்துக் கயிற்றால் இறுக்கி, ஆப்பு அடித்து முறுக்கேற்றுவார்கள். கயிறு நனைந்தால் இறுகும், வெயிலில் காய்ந்தால் தளரும். தினமும் ஆப்பைத் தட்டிப் பார்க்கவேண்டும்.

மரம் கிடைப்பது தனிச் சிக்கல். தேக்கு உடலுக்கு நல்லது, பாய்மரத்துக்கு எடை கூடுதல். மேற்குத் தொடர்ச்சி மலையில் நெட்டையாக வளரும் புன்னை இன மரத்தை மலபார்க் கரையில் பாய்மரத்துக்கு வெட்டினார்கள். நம் கடற்கரைப் புன்னை கோணலும் குட்டையும், அது வங்குக்கு ஆகும். ஆக, கடலூரைச் சுற்றி எத்தனை தோப்பை வெட்டினாலும் ஒரு பெரிய பாய்மரம் தேறாது.

அடிப்பலகை: இதற்குக் கப்பலையே சாய்க்கவேண்டும். பீரங்கி, குண்டு, நீர்ப்பீப்பாய், அடிச்சுமைக் கல், இரும்பு எல்லாவற்றையும் இறக்கு. பிரெஞ்சு 36 பவுண்டு பீரங்கியின் குழல் மட்டுமே மூன்றரை டன். மேல்மரங்களைக் கழற்று, கீழ்மரங்களுக்கு முட்டுக் கொடு. சாயப்போகும் பக்கத்துப் பீரங்கிச் சன்னல்களைப் பலகையால் அடைத்துக் கலப்பத்து அடி (இடுக்குகளில் நார் திணித்துக் கீல், அதாவது தார், பூசு). பிறகு பாய்மர உச்சியிலிருந்து கரைக்கோ இன்னொரு கப்பலுக்கோ கப்பிக் கயிறு இழுத்து, ஏராக்கட்டை வெளியே தெரியும் வரை மெதுவாகச் சாய். ஒட்டி வளர்ந்த கொட்டலசையும் (ஓடுள்ள சிறு கடலுயிர்) பாசியையும் சுரண்டி, நாணல் தீ காட்டிப் பழைய கீலை உருக்கி எடுத்து, புழு துளைத்த பலகையை மாற்றி, புதுக் கீல் பூசு. மறுபக்கத்துக்கு மறுபடி முதலிலிருந்து. வாரக்கணக்கில் ஆகும்.

அலை இருந்தால் சாய்ந்த கப்பலின் முழு எடையும் ஒவ்வொரு தூக்கலிலும் பாய்மரத்தின் மேல் விழும். தளத்தருகே மரம் ஒடியும், பலகை இணைப்புகள் வாய் பிளக்கும். அதனால்தான் எல்லோருக்கும் திருகோணமலை வேண்டியிருந்தது. ஓத வேறுபாடு அங்கேயும் குறைவுதான், ஆனால் குளம் போல அசையாத ஆழத் தண்ணீர்.

சாய்ப்பது எவ்வளவு ஆபத்து என்பதற்கு அதே ஆண்டிலேயே சான்று உண்டு. 1782 ஆகஸ்ட் 29, இங்கிலாந்தின் ஸ்பிட்ஹெட். 100 பீரங்கி 'ராயல் ஜார்ஜ்' நீர்மட்டத்துக்குக் கீழே ஒரு சிறு வேலைக்காகக் கொஞ்சம்தான் சாய்க்கப்பட்டிருந்தது. திறந்திருந்த கீழ்த்தளச் சன்னல் வழியே தண்ணீர் ஏறி, நங்கூரத்தில் நின்ற இடத்திலேயே மூழ்கியது. இறந்தவர்கள் 800-க்கும் மேல்.

கடிலக்கரை:
மிக்க நன்றி. அப்படியானால் ஜூலை 1782-ல் கடலூரில் குண்டு துளைத்த ஓட்டைகளை மட்டும் அடைத்தார்கள் என்று எழுதலாமா? இன்னொன்று, 1783-ல் ஹியூஸிடம் 18 கப்பல், சுஃப்ரேனிடம் 15. கூடுதல் கப்பல் வைத்திருந்தவர் ஏன் பின்வாங்கினார்?

கலப்பத்து:
ஓட்டையைப் பற்றி: உள்ளேயிருந்து கூம்பு வடிவ மரக்கட்டையைக் கொழுப்பில் தோய்த்த கயிற்று நாரைச் சுற்றி அடித்து இறக்குவார்கள். வெளியே நாரும் கொழுப்பும் வைத்து ஈயத்தகடு ஆணியடிப்பார்கள். நீர்மட்டத்தை ஒட்டிய ஓட்டையானால் பீரங்கிகளை மறுபக்கம் தள்ளி ஓர் அடி, இரண்டடி உயர்த்திக்கொள்வார்கள். அதற்குக் கீழே இருப்பது ஒழுகிக்கொண்டேதான் இருக்கும், பம்பில் ஆள் நிற்கவேண்டியதுதான். "மேலோட்டுப் பழுது, பாய்மரம், கயிறு" என்று எழுதுங்கள்.

கொண்டல்:
ஹியூஸ் பின்வாங்கியதற்குத் தண்ணீரும் ஸ்கர்வி நோயும்தான் காரணம். ஒரு 74 பீரங்கிக் கப்பலில் 600 பேர் என்று வையுங்கள். ஆளுக்கு நாளைக்கு நாலு லிட்டர் என்றாலும் இரண்டு டன்னுக்கு மேல். கடலூர்க் கரை பிரெஞ்சுக்காரரிடம் இருந்தது, ஹியூஸ் சென்னைக்குப் போனால்தான் பீப்பாய் நிரப்பமுடியும். சுஃப்ரேன் கோட்டைக்கு எதிரே நங்கூரமிட்டு, கடலூரில் இருந்த பிரெஞ்சுத் தரைப்படைத் தளபதி புஸ்ஸியின் படையிலிருந்து சுமார் 1,200 பேரைச் சலங்கில் ஏற்றிப் பீரங்கிகளுக்கு நிறுத்திக்கொண்டார். ஜூன் 20 மாலை மூன்று மணி நேரம் சண்டை. இரு பக்கமும் நூறு பேரளவில் இறந்தார்கள், ஒரு கப்பலும் மூழ்கவில்லை. ஹியூஸ் சென்னைக்குத் திரும்பினார், கடலூரை முற்றுகையிட்டிருந்த ஆங்கிலத் தளபதி ஸ்டூவர்ட்டின் தரைப்படைக்குக் கடல்வழித் துணை அறுந்தது. ஜூன் 29-ல் சமாதானச் செய்தி வந்ததால் எல்லாம் அதோடு நின்றது.

ஓடாவி:
அடிப்பாகத்தின் நிலையும் கணக்கில் வரும். ஆங்கிலேயர் 1779 முதல் தங்கள் கப்பல்களின் அடியில் செம்புத் தகடு அடித்தார்கள், ஒரு தகடு 4 அடிக்கு 14 அங்குலம். பிரெஞ்சுப் படையில் சிலவற்றுக்குத்தான் அது இருந்தது. நம் வெதுவெதுப்பான கடலில் தகடில்லாத அடியில் சில மாதத்திலேயே கொட்டலசு மண்டிவிடும், தகடுள்ளதும் இல்லாததும் ஒரே வரிசையில் ஓடினால் வரிசை கலையும். ஆனால் செம்பு முழு வரம் அல்ல. செம்பும் இரும்பு ஆணியும் உப்புத் தண்ணீரில் சேர்ந்தால் இரும்பு கரையும். வெளியே தகடு பளபளவென்று இருக்கும், உள்ளே பலகையை வங்கோடு பிடித்திருக்கும் இரும்பு ஆணி ஊசியாய் மெலிந்திருக்கும். 1783-ல்தான் இரும்புக்குப் பதில் கெட்டிப்படுத்திய செம்பு ஆணிக்கு மாறினார்கள்.

வாடைக்காற்று:
பருவத்தை யாரும் சொல்லவில்லையே. சென்னைத் துறையில் அக்டோபர் 15 முதல் டிசம்பர் 15 வரை கொடிக்கம்பத்தை இறக்கிவிடுவார்கள், 'இங்கே நிற்காதே' என்பது பொருள். ஹியூஸ் 1782 அக்டோபரில் மும்பை உலர்துறைக்குப் புறப்பட்டார், திரும்பியது ஏப்ரல் 1783. சுஃப்ரேன் சுமத்ராவின் ஆச்சே போய்ச் செப்பனிட்டுக்கொண்டு முன்பே வந்துவிட்டார்.

நின்றால் என்ன ஆகும் என்பதைப் புதுச்சேரி 1761 ஜனவரி 1-ல் பார்த்தது. முற்றுகையிட்டு நின்ற ஆங்கிலக் கப்பல்களில் 'டியூக் ஆஃப் அக்கித்தேன்', 'சண்டர்லேண்ட்' இரண்டும் மூழ்கின. 'நியூகாசில்', 'குயின்பரோ', 'புரொடெக்டர்' கரையில் ஒதுங்கின. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ஆலாத்தை வெட்டிவிட்டு ஆழ்கடலுக்கு ஓடிய கொடிக்கப்பல் 'நார்ஃபோக்' பிழைத்தது. நங்கூரம் பிடித்து நின்றால் காப்பு என்பது ஆற்றுக்கு உண்மை. கிழக்கே திறந்து கிடக்கும் நம் கரையில் புயலன்று அதுதான் எமன்.

கடிலக்கரை:
வரியை இப்படி மாற்றியிருக்கிறேன்: "1782 ஜூலையில், கடலூருக்கு எதிரே திறந்த கடலில் நங்கூரமிட்டபடியே, சிறு கப்பல்களின் மரங்களைக் கழற்றிப் பிரெஞ்சுக் கப்பல்களின் பாய்மரங்களைச் செப்பனிட்டு, ஆகஸ்ட் 1-ல் புறப்பட்டனர்." சரியா? ஓர் இடத்தில் போர்த் தேதி ஜூன் 21 என்று பார்த்தேன், அதையும் சொல்லுங்கள்.

கொண்டல்:
வரி சரி. தேதி 20 என்றே இருக்கட்டும். அன்றைய ஆங்கிலக் கப்பல் நாட்குறிப்பில் நாள் நண்பகலில் தொடங்கும், அதுவும் கரை நாட்காட்டிக்கு அரைநாள் முன்பாகவே. 20-ஆம் தேதி மாலை நாலு மணிச் சண்டை அதில் 21-ஆம் தேதிக் கணக்கில் ஏறிவிடும். மற்ற போர்களுக்கும் பலகை எழுதுவதானால், மதியத்துக்குப் பிறகு நடந்தவற்றில் இதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.