எத்தனையாம் நம்பர் கூண்டு? டாலஸ் பக்கம் டொர்னேடோ இரவுகள்

ரிச்சர்ட்சன்வாசி:
2019 அக்டோபர் 20, ஞாயிறு. டெக்சாஸில் இந்த டாலஸ் பக்கம் டொர்னேடோ என்ற சுழல்காற்று அடித்த இரவு. இங்கே இருந்தவர்களுக்கு அதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அப்பா அம்மா நாகப்பட்டினத்திலிருந்து வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. ஒன்பது மணி தாண்டியதும் போன்கள் அலறின, கூடவே சைரன். குழந்தையைத் தூக்கிக்கொண்டு நானும் மனைவியும் அம்மாவும் மாடிப்படிக்குக் கீழே இருக்கும் கிளாசட்டுக்குள் நுழைந்துவிட்டோம். அப்பாவைக் காணோம்.

திரும்பி ஓடினால், பின்பக்கக் கண்ணாடிக் கதவருகே நின்று வெளியே பார்த்துக்கொண்டிருக்கிறார். "எத்தனையாம் நம்பர் கூண்டு ஏத்தியிருக்காங்க?" என்று நிதானமாகக் கேட்டார்.

கஜா புயல் அடித்து அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. அந்த இரவு முழுக்க ஊரில் விழித்திருந்தவர் அவர். புயல் என்றால் வங்கக் கடலில் எங்கே நிற்கிறது என்று நாள் கணக்கில் செய்தி வரும், துறைமுகத்தில் கூண்டு ஏறும், அரிசி பருப்பு வாங்கி வைக்க நேரம் இருக்கும். இங்கே பத்து நிமிடம் கிடைத்தாலே பெரிது என்று நான் அவரிடம் ஒரு நாளும் சொல்லவில்லை. அந்த நேரம் பார்த்து, இடிச் சத்தமே இல்லாமல் நீலமும் பச்சையுமாக வானம் வெட்டியது. டிரான்ஸ்பார்மர்கள் வெடித்த வெளிச்சம் அது என்று மறுநாள்தான் தெரிந்தது. "வாங்கப்பா!" என்று கத்தி அவர் கையைப் பிடித்து இழுத்தேன். தடுமாறிவிட்டார், முழங்கால் சுவரில் இடித்தது. அவரை நான் அப்படித் தொட்டதே இல்லை.

டொர்னேடோ எங்களுக்கு ஒரு மைல் தள்ளிப் போனது. மணிக்கு 140 மைல் காற்று, டொர்னேடோவின் பலத்தைச் சொல்லும் அளவில் இஎஃப்-3 (உச்சம் 5) என்றார்கள். அத்தனை வீடுகள் போயும் ஓர் உயிர்கூடப் போகவில்லை. அந்த முழங்காலைப் பற்றி அப்பா இன்றுவரை வாய் திறக்கவில்லை. உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் இதை எப்படிச் சொல்லி வைத்தீர்கள்?

இர்விங் மூணாவது மாடி:
உங்களுக்காவது சைரன் கேட்டது. எனக்கு அதுவும் இல்லை. ஒரு மே மாத இரவு, ஏசி ஓடிக்கொண்டிருந்தது, ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. நடுராத்திரியில் ஆம்பர் அலர்ட் (குழந்தை கடத்தல் அறிவிப்பு) வந்து குழந்தைகள் எழுந்துவிடுகிறார்கள் என்று போனில் எல்லா அலர்ட்டையும் அணைத்து வைத்திருந்தேன். அத்தை மகன் ஹூஸ்டனிலிருந்து கூப்பிட்டுச் சொல்லித்தான் எழுந்தோம். மூன்றாம் மாடியில் எங்கே ஒளிவது? இரண்டு பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு இறங்கி, தரைத்தளத்தில் முன்பின் பேசியிராத ஒரு வீட்டின் கதவைத் தட்டினோம். ஸ்பானிஷ் பேசும் ஒரு பாட்டியம்மா திறந்தார். ஒன்றுமே கேட்கவில்லை. பிள்ளைகளை வாங்கி பாத்டப்பில் தன் பேரனோடு உட்காரவைத்து, மேலே மெத்தையைப் போட்டு மூடினார். என் சின்னவள் அவர் விரலைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அன்று எதுவும் தரையிறங்கவில்லை. அவர் வீடு மாறிப் போவதற்குள் ஒரு தடவைகூட நான் சரியாக நன்றி சொல்லவில்லை.

பிளேனோ கார்த்திகை:
சைரன் கேட்கவில்லை என்று வருத்தப்படுவதில் அர்த்தமில்லை. அது வெளியில் இருப்பவர்களை உள்ளே போகச் சொல்வதற்காக வைத்தது. வீட்டுக்குள் தூங்குகிறவரை எழுப்ப வைத்தது இல்லை. 2017 ஏப்ரல் 7 நள்ளிரவு நெருங்கும்போது டாலஸ் நகரின் 156 சைரன்களும் ஒன்றாக ஊதின, நினைவிருக்கிறதா? யாரோ ஊடுருவிச் செய்த வேலை. ஒன்றரை மணி நேரம் ஊதியது. அப்போது அங்கேதான் குடியிருந்தோம். வானம் நிர்மலமாக இருந்தது. அன்றிலிருந்து என் மனைவி சைரன் கேட்டால் எழுந்திருப்பதில்லை. அது எனக்குப் பெரிய கவலை.

அதனால் எல்லாரும் ஒரு வெதர் ரேடியோ, அதாவது வானிலை எச்சரிக்கை வந்தால் தானே அலறும் ரேடியோ, வாங்குங்கள். பேட்டரியிலும் ஓடுவதாகப் பாருங்கள். டாலஸ் பக்கம் 162.400, ஃபோர்ட்வொர்த் பக்கம் 162.550 மெகாஹெர்ட்ஸ். உங்கள் கவுண்டியின் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) எண்ணைப் போட்டுவிட்டால் அந்தக் கவுண்டிக்கு எச்சரிக்கை வந்தால் மட்டும் அலறும்: காலின் 048085, டாலஸ் 048113. டொர்னேடோ அறிவிப்பு இரண்டு வகை. வாட்ச் என்பது ஓக்லஹோமாவின் நார்மனில் உள்ள புயல் கணிப்பு மையத்திலிருந்து வருவது, சில மணி நேரம் கவனமாக இருங்கள் என்று அர்த்தம். வார்னிங் ஃபோர்ட்வொர்த் வானிலை அலுவலகம் கொடுப்பது, உடனே ஒளியுங்கள் என்று அர்த்தம். இங்கே பேஸ்மென்ட் கிடையாது, கீழ்த்தளத்தில் ஜன்னல் இல்லாத உள்ளறைதான் நமக்கு. குழந்தைகளின் சைக்கிள் ஹெல்மெட்டை அங்கேயே போட்டு வையுங்கள். ஆளுக்கு ஒரு ஜோடி ஷூவும். உடைந்த கண்ணாடி மேல் வெறுங்காலோடு நடக்க முடியாது. அப்புறம், அலர்ட்டை அணைத்து வைத்திருப்பவர்கள் ஆம்பரை மட்டும் அணையுங்கள். அது தனி பொத்தான்.

கார்லண்ட் மாமி:
கார்த்திகை, ரேடியோ எல்லாம் சரி. ரிச்சர்ட்சன்வாசி கேட்டது பெரியவர்களிடம் எப்படிச் சொல்வது என்று. ரேடியோ பேசுவது இங்கிலீஷ். வாட்ச், வார்னிங் இரண்டும் என் மாமியாருக்கு ஒன்றுதான். 2015 டிசம்பர் 26 சாயங்காலம், இங்கே டொர்னேடோ அடித்தபோது, நாங்கள் காரில் இருந்தோம். அலர்ட்டில் கவுண்டி பெயரும் சாலைப் பெயரும்தான் வருகிறது. நாம் எந்தக் கவுண்டியில் இருக்கிறோம் என்று யாருக்குமே தெரியவில்லை. ஒரு பெட்ரோல் பங்கில் ஒதுங்கினோம். கடைக்காரர் எல்லாரையும் பால் வைக்கும் குளிர் அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார். இருபது பேர் இருப்போம். மாமியார் மெல்லிய புடவையில் நடுங்கிக்கொண்டு கந்த சஷ்டி கவசம் சொன்னார். யாரோ ஒரு பையன் தன் ஜாக்கெட்டைக் கழற்றி அவர் தோளில் போட்டான். வெளியே வந்த பிறகுதான் ஐ-30 நெடுஞ்சாலைச் சந்திப்பில் காரிலேயே உயிர் போனவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டோம். நாங்கள் அந்த வழியாகப் போயிருக்க வேண்டியவர்கள்.

இப்போது ஊரிலிருந்து யார் வந்தாலும் முதல் நாளே கையைப் பிடித்து வீட்டில் ஜன்னல் இல்லாத உள்ளறைக்குள் கூட்டிப்போய் உட்காரவைத்துக் காட்டுகிறேன். "போன் அலறினா இங்க வந்துடணும்" என்று மட்டும் சொல்கிறேன்.

டென்டன் புதுவரவு:
டென்டன் கவுண்டி எண் என்ன? வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது.

பிளேனோ கார்த்திகை:
048121.

ரிச்சர்ட்சன்வாசி:
மாமி சொன்னதைப் படித்துவிட்டு இன்று அப்பாவைக் கூப்பிட்டேன். ஏப்ரலில் வருகிறார்கள், நல்ல டொர்னேடோ சீசன். "இங்க கூண்டெல்லாம் கிடையாதுப்பா, போன் அலறினா அதுதான் பத்தாம் நம்பர்" என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அன்னிக்கே இப்படிச் சொல்லியிருந்தா நானே வந்திருப்பேனே" என்றார். அவருக்கு எட்டாம் நம்பர் ஷூ. வாங்கி கிளாசட்டில் வைத்துவிட்டேன்.