புதுப்பிப்பு: மூன்றாம் ஆண்டில் பல்கலைக்கழகம் மாறுவது பற்றிய என் கேள்வி

கொழும்பில் தனியார் நிறுவனமொன்றில் கணினி விஞ்ஞானப் பட்டப்படிப்பின் மூன்றாம் ஆண்டை முடிக்கும் நிலையில், அமெரிக்காவின் முன்னணிப் பல்கலைக்கழகமொன்றுக்கு மாற முடியுமா என்று முன்பு கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. இதே நிலையில் இருக்கும் தம்பி தங்கைகளுக்காக, அறிந்துகொண்டதை எழுதுகிறேன்.

ஹார்வர்ட், யேல் இரண்டும் வேறு பல்கலைக்கழக மாணவர்களை இடையில் சேர்த்துக்கொள்கின்றன. எனினும் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் படித்து முடித்தவர்களுக்கு ஹார்வர்டில் அந்த வழி திறந்திருப்பதில்லை. தம் பெயரில் பட்டம் வழங்குவதாயின் மாணவர் குறைந்தது இரண்டு ஆண்டுகளாவது தம்மிடம் பயில வேண்டும் என்பதே இரண்டு பல்கலைக்கழகங்களினதும் நிபந்தனை. பிரின்ஸ்டன் நெடுங்காலம் மூடியிருந்த இவ்வழியை 2018இல் மீண்டும் திறந்தது. அங்கும் இடங்கள் மிகக் குறைவு. பிந்தி மாறுபவர், வேறிடத்தில் இடம் கிடைத்தாலும், படித்த பாடங்கள் சில கணக்கில் சேராமல் கூடுதலாக ஓராண்டுக் கட்டணத்தைச் சுமக்க நேரிடலாம். டொலரின் இன்றைய பெறுமதியில் அது எங்கள் குடும்பத்தால் தாங்கக்கூடியதன்று.

ஆகவே பட்டத்தை இங்கேயே முடித்து, முதுகலைக்கு விண்ணப்பிக்கத் தீர்மானித்துள்ளேன். ஆய்வில் ஈடுபட விரும்பும் எனக்கு இதுவே பொருத்தமான பாதை என்று உறுதியாக நம்புகிறேன்.

முதலாம் ஆண்டில் இருப்பவர்கள், மாற விரும்பினால், தயவுசெய்து இப்போதே தொடங்குங்கள். அமெரிக்க–இலங்கைக் கல்விப் பரிமாற்ற அமைப்பான, கொழும்பிலுள்ள புல்பிரைட் ஆணைக்குழுவில் ஆலோசனை பெறலாம். ஒவ்வொரு பாடத்தின் விரிவான பாடத்திட்டத்தையும் சேமித்து வையுங்கள். எந்தப் பாடம் ஏற்கப்படும் என்பதை நீங்கள் மாற விரும்பும் பல்கலைக்கழகம் அதைப் பார்த்தே முடிவு செய்கிறது.